சிட்னி கடற்கரையில் பூர்வகுடி கைடோடு நடை: காசு கொடுத்துப் போகலாமா?

சுபா_பாரமட்டா

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அம்மா திருநெல்வேலியில இருந்து வந்திருக்காங்க. ஓப்பரா ஹவுஸ், ப்ளூ மவுண்டன்ஸ், மேஸ் ஹில் முருகன் கோயில், காஸ்ட்கோ எல்லாம் காட்டியாச்சு. அப்பா ரிட்டையர்டு சரித்திர வாத்தியார். "வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்களைப் பத்தி ஒண்ணுமே காட்ட மாட்டேங்கிறியே"ன்னு தினமும் காலையில காபி டம்ளரோட வந்து நிக்கிறார்.

கடற்கரை ஓரமா பூர்வகுடி ஆட்களே கூட்டிட்டுப் போற நடைப்பயணம் நிறைய இருக்குன்னு தெரியுது. எது நிஜம், எது டூரிஸ்ட் பிடிக்கிற வேலைன்னு புரியலை. என் கேள்விகள்:

அம்மாவுக்கு முழங்கால் வலி, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல முடியாது. ரெண்டு பேரும் சைவம், "சாப்பிட்டுப் பாருங்க"ன்னு புழுவை நீட்டினா என்ன பண்றது? அப்பா நிறைய கேள்வி கேட்பார், சிலது ஏடாகூடமா இருக்கும், அதை அவங்க தப்பா எடுத்துப்பாங்களா? போன தடவை மாமனாரை ஒரு பஸ் டூர்ல அனுப்பினோம். விளக்கம் சொன்னவர் பூர்வகுடியே இல்லை, காகிதத்தைப் பார்த்துப் படிச்சாராம். அந்த மாதிரி வேண்டாம்.

வாசு_வென்ட்டி

லா பெரூஸ், கர்னெல், பண்டீனா எல்லாமே நடைபாதை இருக்கிற இடம். நடக்க இலவசம். அங்கங்க போர்டு வச்சிருக்கான், படிச்சா விஷயம் தெரிஞ்சிடும். கடலைப் பார்க்க எதுக்குங்க ஆளுக்கு இவ்வளவுன்னு அழணும்? நாலு பேர் குடும்பம் போனா ஒரு வாரத்து மளிகைக் காசு. நான் ரெண்டு பசங்களோட போய் எல்லா போர்டையும் போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். வேணும்னா அனுப்புறேன்.

ரதி_ஹோம்புஷ்

சுபா, நாங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு லா பெரூஸ் பக்கம் நடந்தனாங்கள். அதால கொஞ்சம் மினக்கெட்டு எழுதிறன்.

முதல்ல அந்த இடத்தைப் பற்றி. சிட்னிக்குள்ள பூர்வகுடிச் சனம் விட்டுப் போகாமல் இண்டைக்கு வரைக்கும் தொடர்ந்து இருக்கிற இடம் எண்டால் அது லா பெரூஸ்தான். 1788இல கப்பல்கள் வந்தது, அடுத்த வருசமே பெரியம்மை. துறைமுகத்தைச் சுத்தி இருந்த சனம் கும்பல் கும்பலாச் செத்துப்போச்சுது. தப்பின ஆக்கள் தெற்குக் கரைச் சொந்தங்களோட சேர்ந்து பொட்டனி பேயின்ர வடக்கு வாசலில இருந்தினம். பேந்து அரசாங்கம் அதையே வேலி போட்டு, பூர்வகுடியளுக்கெண்டு ஒதுக்கின 'ரிசேர்வ்' ஆக்கினது. ட்ராம் வந்த காலத்தில ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வாற வெள்ளைச் சனத்துக்கு ஆம்பிளையள் பூமராங் செய்து வித்தவை. பெண்கள் சின்னச் சின்னச் சிப்பி ஒட்டின குழந்தைச் சப்பாத்து, ஹார்பர் பிரிட்ஜ் எல்லாம் செய்து வித்தவை. அந்தச் சிப்பி வேலை செய்த குடும்பத்தில வந்தவதான் எஸ்மி டிம்பரி. அவ 2008இல செய்த 200 சோடி சிப்பிச் சப்பாத்து இப்ப சர்க்குலர் கீயில இருக்கிற நவீன கலைக் காட்சியகத்தின்ர சேகரிப்பில இருக்கு.

இதெல்லாம் போர்டிலயும் இருக்கும் எண்டு வாசு சொல்லுவார். சரி, போர்டில இல்லாததைச் சொல்லிறன்.

எங்கட கைடு அந்த ஊர் ஆள். முதல்ல காட்டினது கடலை இல்லை, கார் பார்க் ஓரத்துப் புல்லை! லொமாண்ட்ரா. உங்கட வீட்டு முன்னுக்கும் நிக்கும், கவுன்சில் ஒவ்வொரு ரவுண்டபவுட்டிலயும் நட்டு வைச்சிருக்கே, அதுதான். நடுவில இருந்து ஒரு இலையை இழுத்து, அடியில வெள்ளையா இருக்கிற துண்டைக் கடிக்கத் தந்தவர். பச்சைப் பட்டாணி ருசி. அதே இலையைக் கிழிச்சு முறுக்கி ஒரு நிமிசத்துக்குள்ள கயிறாக்கிக் காட்டினவர். அம்மா அதை வாங்கி இழுத்துப் பார்த்திட்டு, "பனையோலையை விட உரமாத்தான் கிடக்கு" எண்டா.

பிறகு பாறைப் பக்கம். மணல் அரிச்ச இடத்தில கறுத்த மண்ணுக்குள்ள சிப்பி அடுக்கடுக்காத் தெரிஞ்சுது. தலைமுறை தலைமுறையா அதே இடத்தில இருந்து சுட்டுத் திண்டு போட்ட ஓடுகள். அதில கால் வைக்க விடேல்லை. என்ன சிப்பி எந்த அடுக்கில கூடக் கிடக்கு எண்டு பார்த்தால் எந்தக் காலத்தில என்ன பிடிபட்டது எண்டு வாசிக்கலாமாம்.

அங்க வைச்சுத்தான் தூண்டில் முள்ளைக் காட்டினவர். டர்பன் எண்டு ஒரு தடிச்ச சங்கு இருக்கு. அதை உடைச்சு, வளைஞ்ச துண்டை மணல்பாறையில தேய்ச்சுத் தேய்ச்சுப் பிறை வடிவத்துக்குக் கொண்டு வாறது. முள்ளில செதிலே கிடையாது. உள்பக்கம் முத்து மாதிரி மினுங்கிறதால இரை போடாமலே மீன் வருமாம். கர்ரஜாங் மரத்துப் பட்டையில நூல். சிட்னிப் பக்கம் தூண்டில் போட்டது பெண்கள்தான், ஆம்பிளையள் ஈட்டியால குத்திப் பிடிக்கிறது. மரப்பட்டை வள்ளத்தில, நடுவில களிமண் தட்டி நெருப்பு வைச்சு, குழந்தையை மடியில வைச்சுக்கொண்டு பெண்கள் கடலுக்குப் போனதை முதல் கப்பலில வந்த அதிகாரியள் அதிசயமா எழுதி வைச்சிருக்கினம். சிறு பிள்ளையாக இருக்கேக்கையே இடது சுண்டுவிரலின்ர மேல் ரெண்டு கணுவை நூலால கட்டி எடுத்து விடுவினமாம், மீன்பிடிக்கிற பெண் எண்ட அடையாளமா. அதையும் அந்த அதிகாரியள் எழுதியிருக்கினம்.

எங்கட அம்மா யாழ்ப்பாணத்து மயிலிட்டி. கடலில பிறந்து வளந்தவ. 1990இல சண்டையால வெளிக்கிட்டது, அந்த ஊர்த் துறைமுகத்தை ஆமி விட்டது 2017இல. அவ அந்த முள்ளைக் கையில வாங்கி, நூலை எங்க கட்டுறது, பாறையில கொளுவினால் என்ன செய்யிறது எண்டு கேட்கத் தொடங்கினவ. நான் மொழிபெயர்க்கிறன். கொஞ்ச நேரத்தால என்ர உதவி தேவைப்படேல்லை, ரெண்டு பேரும் கையாலயே கதைக்கினம். கடைசியில அம்மா கேட்டது: "காணி திரும்பக் கிடைச்சதோ?" அவர் சிரிச்சுப்போட்டு விளக்கமாச் சொன்னவர். 1983இல நியூ சவுத் வேல்சில காணி உரிமைச் சட்டம் வந்தது, அதுக்குப் பிறகு பழைய ரிசேர்வ் லா பெரூஸ் பூர்வகுடிக் காணி மன்றத்தின்ர கைக்கு வந்தது, மற்ற அரச காணியளுக்கு ஒண்டொண்டா மனுப் போட்டுக்கொண்டு இருக்கினம். அம்மா அதுக்கும் ஒரு கேள்வி கேட்டா. "காணி உறுதி ஆற்ற பேரில?" எண்டு.

சுபா, உங்கட அப்பா கேட்கட்டும். ஒண்டும் பிழையா எடுக்க மாட்டினம்.

வாசு_வென்ட்டி

> இதெல்லாம் போர்டிலயும் இருக்கும் எண்டு வாசு சொல்லுவார்

அக்கா, என்னை வம்புக்கு இழுக்காதீங்க :) நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இப்ப நீங்க இலவசமா எழுதிட்டீங்களே, இனி நான் எதுக்கு காசு கொடுக்கணும்?

ரதி_ஹோம்புஷ்

தம்பி, நான் எழுதினது நான் கேட்டதில கால்வாசி. மிச்சத்தை அவர் "இது இங்க நிண்டு சொல்லிறது, வெளியில எழுதிறதுக்கில்லை" எண்டவர். அதால எழுதேல்லை.

பாண்டிய நாட்டான்

இவ்வளவு பேசுறீங்க, மூல விஷயத்தை யாரும் தொடலையே. அவங்களும் நாமளும் ஒரே இனம். பூமராங்னு சொல்றது நம்ம வளரிதான். மருது சகோதரர்கள் வீசினதும் அதுதான். குமரிக்கண்டம் கடல் கொண்டப்போ தெற்கே போனவங்க அவங்க, வடக்கே வந்தவங்க நாம. கால்டுவெல்லே ரெண்டு மொழிக்கும் ஒற்றுமை இருக்குன்னு எழுதியிருக்கார். டிஎன்ஏவும் ப்ரூவ் பண்ணியாச்சு. சுபா அப்பா சரித்திர வாத்தியார் இல்லையா, அவரை இதைக் கேட்கச் சொல்லுங்க அந்தக் கைடுகிட்ட.

கல்வெட்டுக்காரன்

தயவுசெய்து கேட்கச் சொல்லாதீர்கள். கைடுகளுக்கு இந்தியர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பொறுமையாகத்தான் பதில் சொல்வார்கள், ஆனால் "எங்கள் முன்னோர் இங்கேயே இருந்தவர்கள்" என்று சொல்கிறவரிடம் போய் "இல்லை, நீங்கள் எங்களிடமிருந்து வந்தவர்கள்" என்று சொல்வது மரியாதையா என்று யோசியுங்கள்.

ஒவ்வொன்றாக வருகிறேன்.

வளரி: மறவர் நாட்டு ஆயுதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எறிந்தால் போய் அடிக்கும் வளைதடி உலகத்தில் பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்திருக்கிறது. துட்டன்காமுன் கல்லறையில் குவியலாக இருந்தது. போலந்தில் ஒரு குகையில் மாமூத் தந்தத்தில் செதுக்கியது கிடைத்திருக்கிறது. போலந்துக்காரர்களும் சிவகங்கைச் சீமையா? இன்னொன்று, ஆஸ்திரேலியாவிலேயே வேட்டைக்கும் சண்டைக்கும் எறிந்த தடிகளில் பெரும்பாலானவை திரும்பி வராதவை. திரும்பி வருவதுதான் கடைக்காரர்களுக்குப் பிடித்துப்போனது.

டிஎன்ஏ: 2013இல் வந்த ஓர் ஆய்வு, ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மரபணுக் கலப்பு நடந்திருக்கலாம் என்றது. நம்மூர்ப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. 2016இல் பூர்வகுடி ஆண்களின் ஒய் குரோமோசோமை முழுமையாகப் படித்த ஆய்வு அந்தக் கலப்புக்குத் தடயமில்லை என்றது. அவர்கள் வழி மற்றவர்களிடமிருந்து பிரிந்தது சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன். அதை எந்தப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடவில்லை.

மொழி: கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் அப்படி ஓர் ஊகத்தை வைத்தது உண்மை. அன்றைக்கு அவர் கையில் இருந்தது பாதிரிமார் அனுப்பிய சில சொற்பட்டியல்கள். 1788இல் இந்தக் கண்டத்தில் 250க்கு மேல் மொழிகள் இருந்தன. இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை.

கடல் கொண்டது என்றால், அது இங்கேயும் நடந்தது, அதுதான் உண்மையிலேயே சுவாரசியம். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் கீழே. பொட்டனி பே அப்போது விரிகுடாவே இல்லை, ஆறு ஓடிய பள்ளத்தாக்கு. கடல் ஏறி இன்றைய மட்டத்துக்கு வந்தது சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்தான். ரதி அக்கா பார்த்த சிப்பி மேடுகளுக்கு முந்தைய கரைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். அதைப் பற்றிய கதைகள் கரையோர மக்களிடம் இன்னும் இருக்கின்றன. கேட்க வேண்டுமென்றால் உங்கள் அப்பா அதைக் கேட்கட்டும்.

பாண்டிய நாட்டான்

வெள்ளைக்காரன் ஆய்வைத்தான் நம்புவீங்க. சரி விடுங்க, என் கருத்து எனக்கு.

நெறியாளர்

குமரிக்கண்டத்துக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, 40 பக்கம் ஓடியிருக்கிறது. தொடர விரும்புகிறவர்கள் அங்கே போகலாம். பூர்வகுடி 'வாய்ஸ்' அமைப்பு குறித்த 2023 அக்டோபர் வாக்கெடுப்பு பற்றி இங்கே வந்த சில பதிவுகளையும் அரசியல் பகுதிக்கு மாற்றிவிட்டேன். இங்கே நடையைப் பற்றி மட்டும்.

இளங்கோ_நியூகாசில்

சிட்னிலேர்ந்து ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்ட ரெடின்னா எங்க ஊர்ப் பக்கம் வாங்க. ஸ்டாக்டன் பைட்ல 32 கிலோமீட்டருக்கு மணல் மலைங்க, அது வொரிமி பூர்வகுடி மக்களோட நிலம். 2007லேர்ந்து பாதுகாப்புப் பகுதியா அவங்களும் நேஷனல் பார்க்ஸும் சேர்ந்து பார்த்துக்கிறாங்க. காணி மன்றமே குவாட் பைக் டூர் நடத்துது. முழங்கால் வலி ஆளுக்கு குவாட் பைக்கான்னு கேட்காதீங்க, அது உங்க அப்பாவுக்கு.

எனக்குப் பிடிச்சது தண்ணி தோண்டினது. சுத்திப் பார்த்தா வெறும் மணல், அந்தப் பக்கம் கடல் இரைச்சல். ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளமான இடத்துல கைடு முட்டி போட்டுக் கையால தோண்டறார். முழங்கை ஆழம்கூட இல்லை, ஊத்து எடுக்குது. உப்புக் கரிக்காம நல்ல தண்ணி. மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குதுன்னு விளக்கினார். எங்க பாட்டி ஊர் ராமேஸ்வரம் பக்கம், அங்கயும் கடல் ஓரத்துல இப்படித்தான் தோண்டி எடுப்பாங்க. பையனுக்கு அதை நம்பவைக்க முடியாம இருந்தேன், இப்ப நம்பிட்டான்.

மீனா_ஹோபார்ட்

பெரிய பட்ஜெட் இருக்கிறவங்களுக்கு: டாஸ்மேனியா வடகிழக்குல வுகலினா நடை. டாஸ்மேனிய பூர்வகுடி காணி மன்றமே நடத்துறது, 2018ல ஆரம்பிச்சாங்க. நாலு நாள் மூணு ராத்திரி, பே ஆஃப் ஃபயர்ஸ் கடற்கரை வழியா. சில ஆயிரம் டாலர் ஆகும். சுபா அம்மாவுக்கு ஆகாது, ஆனா இந்த இழையைப் படிக்கிற வேற யாருக்காவது உதவும்.

ஏன் சொல்றேன்னா, நாங்க பள்ளிக்கூடத்துல படிச்சது "டாஸ்மேனிய பூர்வகுடிகள் 1876ல ட்ருகனினிங்கிற பெண்ணோட சாவோட அழிஞ்சுபோயிட்டாங்க"ன்னு. இன்னமும் நம்மூர் டிஎன்பிஎஸ்சி கைடு புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கும். அழிஞ்சுபோனதா சொல்லப்பட்டவங்களோட பேரப்பிள்ளைங்க நம்ம முன்னாடி நெருப்பு மூட்டி மட்டன்பேர்ட் சுடறாங்க. அந்தப் பறவையோட கொழுப்பு சொட்டிச் சொட்டி எரியுறப்ப வர்ற வாசனை கருவாடு மாதிரியும் இருக்கும், வேற மாதிரியும் இருக்கும். பிடிச்சவங்களுக்குப் பிடிக்கும். என் வீட்டுக்காரர் ரெண்டாவது வாங்கிச் சாப்பிட்டார், எனக்கு ஒரு கடியே போதும்.

கூடாரம்னு நினைக்காதீங்க. முன்னாடி அவங்க கட்டின அரைக்கோள வடிவக் குடிசை மாதிரியே மரத்துல உள்பக்கம் வளைச்சுக் கட்டியிருக்காங்க, படுத்துட்டு கடலோரப் புதரைப் பார்க்கலாம். கடைசி ராத்திரி எட்டிஸ்டன் பாயிண்ட் கலங்கரை விளக்கக் காவலர் வீட்டுல. குளிர் தாங்காதவங்க ஜனவரி பிப்ரவரியில போங்க.

நர்ஸ்_கவிதா

கைடு சொல்ற செடி மருத்துவத்தைப் பத்தி ஒரு வார்த்தை. பிக்ஃபேஸ்னு மணல்ல படர்ந்து பிங்க் பூ பூக்குமே, அந்த இலைச் சாறை ப்ளூபாட்டில்ங்கிற ஜெல்லிமீன் கொட்டினா தடவுவாங்கன்னு எல்லா நடையிலயும் காட்டுவாங்க. அந்தப் பழம் உப்பும் இனிப்புமா நல்லா இருக்கும், சைவக்காரங்க தாராளமா சாப்பிடலாம். ஆனா பசங்களுக்கு நிஜமாவே கொட்டினா லைஃப் கார்டு சொல்றதைச் செய்யுங்க: தாங்கக்கூடிய சூட்டுல, சுமார் 45 டிகிரி தண்ணில 20 நிமிஷம். அப்புறம் வாரிகல் கீரையைப் பார்த்ததும் பறிச்சிட்டு வந்து பச்சையா சாலட் போடாதீங்க. ஆக்சலேட் ஜாஸ்தி. கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அப்புறம் பொரியல் பண்ணணும். பசலை மாதிரியே இருக்கும்.

கல்வெட்டுக்காரன்

கீரைக்கே இப்படி என்றால் பர்ரவாங் இருக்கிறது. தென்னங்கன்று போல நிற்கும் சைகாட் வகைச் செடி, ஆரஞ்சு நிறக் கொட்டை. அப்படியே தின்றால் விஷம். கொட்டையை உடைத்து, ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்து நஞ்சை எடுத்துவிட்டு அரைத்துச் சுடுவார்கள். இதே சைகாட் வகையைச் சேர்ந்த ஈந்தங்காயைக் கேரளத்தில் உலர்த்தி, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து மாவாக்குகிறார்கள். கேப்டன் குக்கின் கப்பலில் வந்தவர்களில் சிலர் வடக்கே இதே வகைக் கொட்டையைத் தின்று படாதபாடு பட்டார்கள். கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், அதற்குள் துப்பாக்கியைக் காட்டிவிட்டார்களே.

சுபா, பண்டீனா பற்றியும் சொல்கிறேன். க்ரொனுல்லாவிலிருந்து சின்ன ஃபெர்ரி, அரை மணி நேரம். ஜிப்பன் முனையில் பாறைச் செதுக்கல்கள்: திருக்கை, கங்காரு, திமிங்கிலம், ஆறு விரல் உள்ள ஓர் உருவம். பலகை நடைமேடையில் நின்று பார்க்கலாம். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது, வெறும் பாறை. சாய்வெயிலில் போக வேண்டும், காலையோ மாலையோ. முதலில் புள்ளி புள்ளியாகக் கொத்தி, பிறகு புள்ளிகளை இணைத்துக் கோடாக்கியிருக்கிறார்கள். சடங்குக் காலங்களில் அந்தக் கோட்டை மறுபடி மறுபடி தேய்த்துப் புதுப்பித்தார்கள். அந்தச் சடங்கு நின்ற பிறகு கோடுகள் மழையில் மங்கிக்கொண்டே போகின்றன. சிலர் போட்டோவுக்காகச் சாக்பீஸ் தடவியது இன்னும் கேடு. வாசு, போர்டில் இருப்பது "இது திமிங்கிலம்" என்கிற ஒரு வரி. ஏன் அந்த இடத்தில் திமிங்கிலம், யார் அதைப் பார்க்கலாம், யார் கூடாது என்பது போர்டில் வராது.

ஆளைக் கண்டுபிடிப்பதற்கு: நிறுவனம் யாருடையது என்று பாருங்கள். ஸப்ளை நேஷன் பட்டியலில் பூர்வகுடிகளுக்குச் சொந்தமான நிறுவனங்களைத் தேடலாம். நேஷனல் பார்க்ஸ் அலுவலகமும் பூர்வகுடி ஊழியர்களை வைத்து நடைகள் நடத்துகிறது. புக் பண்ணும்போது "கைடு எந்த மக்களைச் சேர்ந்தவர், இந்த இடத்தோடு அவருக்கு என்ன உறவு?" என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் அந்தக் கேள்விக்கே ஐந்து நிமிடம் பேசுவார்கள். வேறு ஊரிலிருந்து வந்தவராக இருந்தால், "இங்கே பேச உள்ளூர்ப் பெரியவர்களின் அனுமதி இருக்கிறது" என்று அவரே சொல்வார்.

சுபா_பாரமட்டா

எல்லாருக்கும் நன்றி. லா பெரூஸ் போயிட்டு வந்தோம். நீளமா எழுதறேன், மன்னிக்கணும்.

அம்மா முழங்கால்: பிரச்சினையே இல்லை. ரெண்டு மணி நேரத்துல பாதி நேரம் நின்னும் உட்கார்ந்தும் பேசறதுதான். புக் பண்ணும்போதே சொல்லி வச்சதால, பாறைல இறங்குற இடத்துல கைடு அம்மாவுக்கு வேற வழி காட்டினார். அவரை எல்லாரும் 'அங்கிள்'னு கூப்பிட்டாங்க, அம்மாவும் உடனே அங்கிள் ஆக்கிட்டாங்க, அவர் வயசு அம்மாவை விடக் கம்மின்னாலும். சைவம்: புழு எதுவும் வரலை. லெமன் மிர்ட்டில் டீயும், வாட்டில் விதை போட்ட டாம்பர் ரொட்டியும். அப்பா டீயை ரெண்டு கப் குடிச்சிட்டு "சுக்குக் கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார்.

பையனுக்குத் திமிங்கிலக் கதை. சிட்னிக்குத் தெற்கே இருக்கிற இல்லவாரா பக்கத்துக் கதைன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சார். மிருகங்கள் எல்லாம் மனுஷங்களா இருந்தப்போ, பெரிய வள்ளம் திமிங்கிலத்துகிட்ட மட்டும்தான் இருந்துதாம், யாருக்கும் கொடுக்காதாம். நட்சத்திர மீன் பேச்சுக் கொடுத்து அதுக்குத் தலையில பேன் பார்க்க, மத்தவங்க வள்ளத்தைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. துடுப்புப் போட்டது கோவாலா, அதான் அதுக்கு இன்னிக்கும் கை அவ்வளவு பலம். விஷயம் தெரிஞ்சதும் திமிங்கிலம் நட்சத்திர மீனைப் புரட்டி எடுத்திருச்சு. கரை சேர்ந்ததும் ப்ரோல்கா கொக்கு குதிச்சுக் குதிச்சு வள்ளத்துல ஓட்டை போட்டுச்சு. அந்த வள்ளம்தான் இல்லவாரா ஏரி வாய்ல இருக்கிற விண்டாங் தீவு. பேன் பார்க்கிற இடத்துல அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

இப்ப அப்பா. அவர் நேரா குக் கிட்ட போயிட்டார். 1770 ஏப்ரல் 29, எதிர்க்கரை கர்னெல்ல ரெண்டு க்வீகல் பூர்வகுடி ஆட்கள் ஈட்டியோட நின்னு இறங்கக் கூடாதுன்னு தடுத்தாங்க, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. அப்புறம் குடிசைகள்ல இருந்த ஈட்டிங்களை, நாப்பதுக்கு மேல, கப்பல்ல ஏத்திட்டாங்க. அதுல நாலு மட்டும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ்ல மிஞ்சியிருந்துச்சு. 2024 ஏப்ரல்ல அதை லா பெரூஸ் மக்கள் கையில திருப்பிக் கொடுத்தாங்க. அதெல்லாம் மீன் குத்தற ஈட்டி, பல முனை உள்ளது. அங்கிள் தானே செஞ்ச ஒண்ணைக் கொண்டுவந்திருந்தார். முனைகளைப் பிசின் வச்சு நாரால சுத்தியிருந்தார். அப்பா அதைத் தொடாம ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு, குனிஞ்சு ஒவ்வொரு சுத்தா பார்த்தார்.

அப்புறம் அப்பா ஸ்ரீபுரந்தான் நடராஜரைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சார். அரியலூர் மாவட்டத்துக் கோயில்ல திருடின சோழர் சிலை, கான்பெரா நேஷனல் கேலரி 2008ல ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி வச்சது, 2014ல பிரதமர் அபோட் டெல்லி போனப்போ திரும்பக் கொடுத்தது. அங்கிளுக்கு இது புதுசு. "இப்ப கோயில்ல இருக்கா?"ன்னுதான் முதல் கேள்வி. அப்பா கொஞ்சம் தயங்கி, வந்த கையோட கும்பகோணத்துல சிலைப் பாதுகாப்பு மையத்துலதான் வச்சாங்கன்னார். அங்கிள் சொன்னார், எங்க ஈட்டியும் இப்போதைக்குச் சிட்னி யூனிவர்சிட்டி மியூசியத்துல, கர்னெல்ல புதுக் கட்டடம் முடியணும்னு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பூட்டு, காவல், இன்சூரன்ஸ், ஈரப்பதம்னு பேசிட்டே போறாங்க, நானும் அம்மாவும் பின்னாடி. சரித்திரத்தைப் பத்திப் பேசுவாங்கன்னு பார்த்தா ரெண்டு தர்மகர்த்தா மாதிரி பேசிட்டு இருக்காங்க.

ஒரு இடத்துல மட்டும், பாறைக்கு அந்தப் பக்கம் என்னன்னு அப்பா கேட்டதுக்கு, "அது பெண்களோட இடம், நான் சொல்றதுக்கில்லை. உங்க மனைவி வேணும்னா இன்னொரு நாள் ஒரு ஆன்டியோட வரட்டும்" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிடுச்சு. கார்ல ஏறினதும் அம்மா, "நான் வர்றேன், எப்ப?"ன்னு கேட்டாங்க. ஆன்டி ஒருத்தர் நெசவு சொல்லித்தர்ற நடைக்குப் பெயர் கொடுத்தாச்சு. அப்பாவைச் சேர்த்துக்க மாட்டாங்களான்னு கேட்காதீங்க, அதையும் கேட்டுட்டார்.

பாண்டிய நாட்டான் சாருக்கு: வளரி பத்தி அப்பா கேட்கலை.

ரதி_ஹோம்புஷ்

அருமை சுபா. மியூசியத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ, சாவ் சக் விங் எண்டு பேர், யூனிவர்சிட்டிக்குள்ள. உள்ள போக டிக்கெட் இல்லை. வாசு தம்பியும் வரலாம்.

வாசு_வென்ட்டி

அது சரி :) சுபா, அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனது ஞாயித்துக்கிழமையா? லா பெரூஸ்ல மதியம் வேலி போட்டு ஒருத்தர் பாம்பு காட்டுவாரே, நூறு வருஷமா நடக்குதே, அது இன்னும் இருக்கா? பசங்க கேட்கிறாங்க. பார்க்கிங் கிடைக்குதா?

சுபா_பாரமட்டா

இருக்கு. ஞாயிறு மதியம்தான். பதினோரு மணிக்கு மேல போனா பார்க்கிங் கிடைக்காது, சுத்திட்டே இருக்கணும். பாம்பு ஷோவுக்கு டிக்கெட் கிடையாது, ஆனா முடிஞ்சதும் காசு கேட்டு வருவாங்க. சில்லறை வச்சுக்கோங்க.